இரண்டு நோட்டுகள் ஒத்துப்போனால்தான் கணக்கு: ஹாம் வானொலித் தொடர்புகள் இணையத்தில் உறுதியாகும் விதம்

பத்து நொடியில் முடிந்துபோன ஒரு வானொலித் தொடர்புக்குச் சான்று வந்துசேர ஆண்டுக்கணக்கில் ஆவது, ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுக்குப் பழகிப்போன விஷயம். பெங்களூருவில் மொட்டைமாடியில் கம்பி கட்டியிருக்கும் ஒருவர், நேற்றிரவு பிரேசில்காரர் ஒருவரோடு பேசியதாகச் சொல்கிறார். ஒலிப்பதிவு இல்லை. தொலைபேசி நிறுவனம் போல நடுவில் உட்கார்ந்து கணக்கு வைப்பவரும் இல்லை. அவர் சொல்வது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், எதிர்முனையில் இருந்த அந்தப் பிரேசில்காரர். பேசியதற்குச் சான்றாக ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை என்னும் பழைய வழக்கம் இந்த ஒரு காரணத்தால்தான் பிறந்தது. அதன் வேலையில் பெரும்பகுதியை இன்று இணையப் பதிவேடுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் அவற்றை அட்டையின் கணினி வடிவம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள், முதல் மாதத்திலேயே சலித்துப்போகிறார்கள். அட்டை ஒருவர் இன்னொருவருக்குத் தருவது. இணையப் பதிவேடுகளில் முதன்மையான ‘லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு’ தளமோ யாருக்கும் எதையும் தருவதில்லை. இரண்டு சாட்சியங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அது கிளப்பும் எரிச்சல்களும் அதன் மதிப்பும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

நடுவயதைத் தாண்டிய தமிழர்கள் பலருக்கு கியூஎஸ்எல் அட்டை வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும். வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களைக் கேட்டுவிட்டு, எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போட்டால், நிலையத்திலிருந்து வண்ண அட்டை ஒன்று வரும். அது கேட்டவருக்கு நிலையம் தரும் அத்தாட்சி. ஹாம் உலகில் இரண்டு பக்கமும் ஒலிபரப்புகிறது, ஆகவே இரண்டு பக்கமும் அட்டை அனுப்ப வேண்டும். உரிமத்தோடு நிலையத்துக்குத் தரப்படும் அடையாளமான அழைப்புக்குறி, தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, பேசிய முறை, சமிக்ஞையின் தரம் என்று ஆறேழு விவரங்கள் அதில் இருக்கும். அவென்யூ சாலைப் பக்கத்து அச்சகம் ஒன்றில் விதான சௌதா படம் போட்டு ஆயிரம் அட்டை அடித்து வைத்துக்கொள்வது ஒரு காலத்தில் புது உரிமதாரரின் முதல் செலவு.

அனுப்புவதில்தான் சிக்கல். ஒவ்வொரு நாட்டிலும் ஹாம் சங்கம் ஒன்று அட்டைகளை மொத்தமாகச் சேர்த்து, நாடுவாரியாகப் பிரித்து, மூட்டையாக அனுப்பும். இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. செலவு குறைவு, பொறுமை அதிகம் தேவை. அவசரம் உள்ளவர்கள் நேரடியாகத் தபாலில் அனுப்பி, பதில் தபால் செலவுக்காக உறைக்குள் ஒரு டாலர் நோட்டை வைப்பார்கள். ஹாம்களின் குழூஉக்குறியில் அதற்குப் பெயர் ‘பச்சை ஸ்டாம்ப்’. அழைப்புக்குறி எழுதிய உறை என்றால் உள்ளே பணம் இருக்கும் என்பது தபால் வழியில் கை நீளமானவர்களுக்கும் தெரிந்துபோனது. அதனால் உறையின் மேல் அழைப்புக்குறியை எழுதாதீர்கள் என்ற அறிவுரை உலகம் முழுவதும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்று வெளியாள் கேட்பது நியாயம். ஞாபகத்துக்காக என்றால் ஒரு மின்னஞ்சல் போதும். விருதுகள்தான் காரணம். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 1937-இல் தொடங்கிய டிஎக்ஸ்சிசி விருது இன்றும் இந்தப் பொழுதுபோக்கின் முதுகெலும்பு. உலகம் 340 பகுதிகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அவற்றில் நூறோடு பேசி, நூறுக்கும் சான்று காட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 நவம்பர் 15 முதல் நடந்த தொடர்புகள் மட்டுமே கணக்கில் சேரும். அட்டையைத் திருத்த முடியும், போலியாக அச்சடிக்கவும் முடியும். ஆகவே சங்கமோ அதன் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரோ அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் செல்லும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற அட்டைகளைத் திரும்பவும் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அவை பத்திரமாகத் திரும்பி வருமா என்று கவலைப்பட வேண்டியிருந்தது.

இணையம் பரவியபோது முதலில் தோன்றிய தீர்வு இயல்பானதுதான்: அட்டையைப் படமாக அனுப்புவது. 2000-இல் வந்த இ-கியூஎஸ்எல் தளம் அதைச் செய்தது. நம் தொடர்புகளைக் குறித்துவைத்த பதிவேட்டை ஏற்றினால், நாம் பேசிய ஒவ்வொருவருடைய பெட்டியிலும் நம் அட்டை விழும். அவர் திறந்து பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ சொல்லலாம். அட்டைக்கு நாமே படம் தேர்ந்தெடுக்கலாம். பேசாமல் கேட்க மட்டும் செய்யும் சிற்றலை நேயர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அனுபவத்தில் இது தபால்காரரை எதிர்பார்க்கும் இன்பத்துக்கு மிக அருகில் வருகிறது. பிற்பாடு உரிம நகலைச் சரிபார்த்து ‘நம்பகத்தன்மை உறுதியானவர்’ என்ற தகுதியையும் தரத் தொடங்கினார்கள். ஆனாலும் டிஎக்ஸ்சிசிக்கு அந்த அட்டை செல்லாது. ஏஆர்ஆர்எல்லின் இந்தப் பிடிவாதத்தைச் சங்க அரசியல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த அட்டையைப் பார்த்துவிட்டு அதற்கேற்பத் தன் பதிவேட்டை நிரப்பிக்கொள்ள ஒருவருக்கு வழி இருக்கிறது என்றால், அங்கே இரண்டு சாட்சிகள் இல்லை. ஒரு சாட்சியும் ஒரு தலையசைப்பும்தான் இருக்கின்றன.

2003 செப்டம்பரில் ஏஆர்ஆர்எல் திறந்த ‘லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு’, ஹாம்களின் சுருக்கப் பெயரில் எல்ஓடிடபிள்யூ, இந்த ஓட்டையை அடைக்கவே கட்டப்பட்டது. நம் ஊர்க் கல்யாணங்களின் மொய் நோட்டை நினைத்துக்கொண்டால் அதன் தத்துவம் புரிந்துவிடும். வாங்கிய வீட்டில் ஒரு நோட்டு, செய்த வீட்டில் ஒரு நோட்டு. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டவை. இரண்டிலும் ஒரே தொகை இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. எல்ஓடிடபிள்யூவில் இரண்டு பக்கமும் தங்கள் பதிவேட்டை ஏற்ற வேண்டும். பொருந்தினால் தொடர்பு உறுதி. ஒருவர் ஏற்றாவிட்டால், ஏற்றியும் ஓர் எழுத்து தவறினால், ஒன்றும் நடக்காது. அட்டையும் கிடையாது, படமும் கிடையாது. பட்டியலில் ஒரு வரி மாறும்.

அந்த நோட்டை எழுதியவர் அவர்தானா என்பது அடுத்த கேள்வி. இதற்கு எல்ஓடிடபிள்யூ கையாள்வது, வங்கித் தளங்களின் பாதுகாப்புக்கு அடியில் இருக்கும் அதே வகை மின்னணுச் சான்றிதழை. டிகியூஎஸ்எல் என்ற இலவச மென்பொருளை நம் கணினியில் நிறுவிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அது இரண்டு திறவுகோல்களை உருவாக்குகிறது. இரகசியமானது நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. மற்றதை, ஆளைச் சரிபார்த்த பிறகு ஏஆர்ஆர்எல் சான்றிட்டுத் திருப்பித் தருகிறது. அதன்பின் நாம் ஏற்றும் ஒவ்வொரு தொடர்பும் இரகசியத் திறவுகோலால் கையொப்பமிடப்பட்டே போகிறது. கையொப்பமிட்ட பிறகு வழியில் யாராவது ஓர் இலக்கத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும். கடவுச்சொல்லைத் திருடித் தளத்துக்குள் நுழைந்தவராலும் நம் பெயரில் தொடர்புகளை ஏற்ற முடியாது. திறவுகோல் தளத்தில் இல்லை, நம் வீட்டுக் கணினியில் இருக்கிறது. இதனால்தான் கணினியை மாற்றும்போது பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய வட்டை அழிக்கும் முன் டிகியூஎஸ்எல் தரும் காப்பு நகலை எடுத்து வேறிடத்தில் வைக்காதவர், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளைச் சரிபார்ப்பது அமெரிக்கர்களுக்கு எளிது. அங்கே உரிமதாரர்களின் முகவரிகள் அரசுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அந்த முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையில் கடவுச்சொல் போகிறது. மற்ற நாட்டவர் தங்கள் வானொலி உரிமத்தின் நகலையும் அரசு தந்த வேறோர் அடையாள ஆவணத்தின் நகலையும் அனுப்ப வேண்டும். இங்கேதான் பெங்களூருத் தமிழருக்கு ஒரு தனி நெருக்கடி. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தந்த உரிமத்தில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்துத் தலைப்பு. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். ஆதாரில் மூன்றாவது வடிவம். உரிமத்தில் முகவரி சேலமாகவும் அடையாள அட்டையில் முகவரி மாரத்தஹள்ளியாகவும் இருக்கும். இன்ஷியல் என்ற ஏற்பாட்டையே அறியாத ஓர் அமெரிக்க அலுவலரின் மேசையில் இவை இரண்டும் ஒரே ஆளா என்ற சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. உரிமத்தில் உள்ள எழுத்துகளோடு மிக நெருங்கி வரும் ஆவணத்தைத் தேர்ந்தெடுப்பதும், கூடவே இரண்டு வரியில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிவிடுவதும் நல்லது. பிறப்புச் சான்றிதழிலிருந்து விசா வரை தமிழர்கள் தலைப்பெழுத்துக்காகப் படும் பாடு பொழுதுபோக்கிலும் விடவில்லை என்று சலித்துக்கொள்ளலாம். ஒருமுறை தாண்டிவிட்டால் போதும் என்பது ஆறுதல். நம் நாட்டு உரிமம் 20 ஆண்டுகளுக்கோ வாழ்நாளுக்கோ கிடைக்கிறது. எல்ஓடிடபிள்யூ சான்றிதழோ மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஆனால் கையிலிருக்கும் சான்றிதழைக் கொண்டே புதுப்பித்துக்கொள்ளலாம். ஆவணங்களை மறுபடி அனுப்பத் தேவையில்லை.

இன்னொன்றும் இந்தியர்களுக்கே உரியது. கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. பொது நிலைத் தேர்வில் தேறி மேலே போனால் வியூ2. அழைப்புக்குறி மாறியதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. வியூ3 ஆக இருந்தபோது பேசியவர்களின் பதிவேட்டில் அந்தக் குறிதான் இருக்கிறது. அவர்கள் எப்போது ஏற்றினாலும் அது வியூ3 தொடர்பாகத்தான் பொருந்தும். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் தனிச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும். விருதுக் கணக்கில் பின்னர் இரண்டையும் இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இனிப் பொருத்தத்தின் விதிகள். இரண்டு அழைப்புக்குறிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அலைவரிசைப் பட்டை ஒன்றாக இருக்க வேண்டும். குரல், மோர்ஸ், தரவு என்ற முறை ஒத்துவர வேண்டும். தொடங்கிய நேரங்களுக்கு இடையே 30 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு கூடாது. இவ்வளவுதான். அட்டைகளில் தவறாமல் எழுதப்படும் சமிக்ஞைத் தரத்தை எல்ஓடிடபிள்யூ ஒப்பிடுவதே இல்லை. ஒருவருக்கொருவர் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதுதான் இரண்டு மனிதர்கள் பரிமாறிக்கொண்ட உண்மையான செய்தி. கணக்குக்கு அது வேண்டாத விவரமாகிவிட்டது. அட்டைக்காரர்கள் எல்ஓடிடபிள்யூவை வறண்டது என்று சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

அந்த 30 நிமிடம் தாராளமாகத் தெரியும். இந்தியாவில் அதுவே பொறி. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, அப்படியே கணினியில் ஏற்றினால் ஒரு தொடர்புகூடப் பொருந்தாது. நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியை மறப்பது அதைவிட நயவஞ்சகமான தவறு. ஜனவரி 15 அதிகாலை 1 மணிக்குப் பெங்களூருவில் பேசியது, உலகப் பொது நேரத்தில் ஜனவரி 14, 19.30. இரவு கண்விழித்துப் பேசிய அரிய தொடர்புகள் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நிகழ்பவை. தேதி தவறுவதும் அவற்றில்தான். சில கணினிகளில் பதிவேட்டு மென்பொருள் விண்டோஸ் கடிகாரத்திலிருந்து தானாக மாற்றிக்கொள்ளும், நாமும் கையால் ஒருமுறை மாற்றுவோம். ஐந்தரை மணிக்குப் பதிலாகப் பதினோரு மணி நேரம் கழிந்துபோகும். வானொலி மேசையில் உலகப் பொது நேரத்துக்கென்றே ஒரு கடிகாரம் வைப்பது பந்தாவுக்காக அல்ல.

பொருந்தவில்லை என்றால் ஏன் என்று தளம் சொல்லாது. புதியவர்களை மிகவும் கடுப்பேற்றுவது இந்த மௌனம். எதிர்முனைக்காரர் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வழியில்லை. நேரம் தவறா, பட்டை தவறா, நம் குறியில் ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டாரா என்று ஒரு குறிப்பும் கிடைக்காது. அவர் கடைசியாக எப்போது பதிவேற்றினார் என்பதை மட்டும் தேடிப் பார்க்கலாம். ‘நேரம் மட்டும் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கிறது, திருத்திக்கொள்’ என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். சொன்னால் எல்லாமே குறைந்துவிடும். ஊகத்தில் நூறு தொடர்புகளை ஏற்றி, தளம் தரும் துப்பைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்து, நடக்காத தொடர்பைப் பொருத்திவிட முடியும். மற்றவர் நோட்டை எட்டிப் பார்க்க முடியாததால்தான் இரண்டு நோட்டும் ஒத்துப்போவதற்குப் பொருள் இருக்கிறது. திருத்த வேண்டுமானால் பழைய வழிதான்: மின்னஞ்சல் எழுதி, அவரைத் தன் பதிவேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தவறாக ஏற்றியதை நாமே அழிக்கவும் முடியாது. சரியானதை மறுபடி ஏற்றலாம், தவறானது பொருத்தம் இல்லாமல் பட்டியலில் கிடக்கும்.

இடமும் இந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதி. அமெரிக்க அழைப்புக்குறியில் உள்ள இலக்கம் ஒரு காலத்தில் வட்டாரத்தைக் காட்டியது. நம் நாட்டில் வியூ2 என்றால் காஷ்மீராகவும் இருக்கலாம், நாகர்கோவிலாகவும் இருக்கலாம். ஆகவே டிகியூஎஸ்எல் கையொப்பமிடும்போது நிலையத்தின் இருப்பிடத்தையும் சேர்த்தே அனுப்புகிறது: நாடு, மண்டலம், கட்டம். உலகத்தை அட்சரேகையில் ஒரு பாகையும் தீர்க்கரேகையில் இரண்டு பாகையும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, இரண்டு எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரு எம்கே82. மாநில எல்லையைத் தாண்டி ஒசூர் போனாலும் அதே எம்கே82தான். கோயம்புத்தூர் எம்கே81, சென்னை என்கே03, மதுரை எம்ஜே99. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சிறிய வானொலியைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் பெங்களூருத் தமிழர், உரிமத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதோடு, மதுரையில் பேசியதை மதுரை என்ற இருப்பிடத்தின் கீழேதான் ஏற்ற வேண்டும். டிஎக்ஸ்சிசிக்கு எம்கே82 ஆனாலும் எம்ஜே99 ஆனாலும் இந்தியாதான், ஒன்றும் கெடாது. செயற்கைக்கோள் வழியாகக் கட்டங்களைச் சேகரிப்பவருக்கு அது பொய்ச் சான்று. தென் தமிழகத்துக் கட்டம் ஒன்றுக்காக ஜப்பானில் ஒருவர் காத்திருக்கக்கூடும்.

கடல் தாண்டினால் நாடே மாறுகிறது. அரசியல் வரைபடத்தில் அந்தமானும் லட்சத்தீவும் இந்தியா. டிஎக்ஸ்சிசி பட்டியலில் வியூ4, வியூ7 என்று தனித்தனிப் பகுதிகள். இதனால்தான் 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் (வியூ2ஆர்பிஐ) தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேயருக்குப் போனபோது, பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஓசையே இல்லாமல் காத்திருந்த உலக ஹாம்கள் அலைவரிசையில் முண்டியடித்தார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அந்தக் குழு அரிய தொடர்புகள் தருவதை நிறுத்திவிட்டு அதே கருவிகளில் மீட்புச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. எல்ஓடிடபிள்யூவில் நாடு என்பது சான்றிதழுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து பேசியதை அந்தமானிலிருந்து பேசியதாகப் பட்டியலில் ஒரு சொடுக்கில் மாற்றிவிட முடியாது.

இந்த ஏற்பாடு முதல் பத்தாண்டுகளில் கொஞ்சம் பிடிவாதக்காரர்களின் உலகமாகவே இருந்தது. அதைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு 2017-இல் வந்த எஃப்டி8 என்ற முறைக்கு உண்டு. 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்க்கும் சேர்ந்து உருவாக்கியது அது. 15 நொடிக்கு ஒரு முறை கணினிகள் மாறி மாறிச் சின்னஞ்சிறு செய்தியை அனுப்பிக்கொள்ளும். காதுக்கு எட்டாத மெல்லிய சமிக்ஞையையும் மென்பொருள் பிரித்தெடுத்துவிடும். பெங்களூரு அடுக்குமாடிகளில் இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் லிஃப்ட் மோட்டாரும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் குரல் மூழ்கிப்போகும் இடத்தில் எஃப்டி8 தாக்குப்பிடிக்கிறது. அதற்குக் கணினிக் கடிகாரம் ஓரிரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பதால், நேரத் தவறு தானாகவே ஒழிந்தது. தொடர்பு முடிந்ததும் மென்பொருளே உலகப் பொது நேரத்தில், ஏடிஐஎஃப் என்ற பொது வடிவத்தில் பதிவெழுதிவிடுகிறது. அதைத் துணை மென்பொருள் கையொப்பமிட்டு அப்போதே ஏற்றிவிடலாம். காலைக் காபி ஆறுவதற்குள் உறுதிப்படுத்தல் வந்துவிடுவதும் உண்டு. பேசியது இரண்டு கணினிகளா, இரண்டு மனிதர்களா என்ற சண்டை ஹாம்களிடையே இன்னும் ஓயவில்லை. உறுதிப்படுத்தும் கோணத்திலிருந்து பார்த்தால் இதைவிடச் சுத்தமான பதிவேடு ஹாம் வரலாற்றில் இருந்ததில்லை.

மற்றத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கியூஆர்இசட் தளம் தனக்கென ஒரு பதிவேடும் விருதுகளும் வைத்திருக்கிறது. கிளப் லாக் உறுதிப்படுத்தும் தளமே அல்ல. பதிவேட்டை ஆராய்ந்து எந்த நாடு இன்னும் பாக்கி என்று காட்டும், காகித அட்டை வேண்டுவோர் பணம் கட்டிக் கேட்கவும் வழி செய்யும். பூங்காக்களிலிருந்து ஒலிபரப்பும் பொட்டா திட்டத்தில் பூங்காவுக்குப் போனவர் மட்டும் பதிவேட்டை ஏற்றினால் போதும், மறுமுனையில் இருந்தவருக்குக் கணக்கு தானாகச் சேரும். விளையாட்டின் நோக்கம் ஊர்சுற்றலாக இருக்கும்போது அந்தத் தளர்வு பொருத்தமானதுதான்.

உலகத்தின் சாட்சியங்களெல்லாம் ஒரே இடத்தில் குவிவதன் விலையும் தெரிந்துவிட்டது. 2012 இறுதியில், பெரிய போட்டிகளுக்குப் பின் பதிவேடுகள் வெள்ளமாக வந்து விழ, எல்ஓடிடபிள்யூவின் வரிசை நாள்கணக்கில் நீண்டது. சந்தேகத்தில் ஒரே பதிவேட்டைத் திரும்பத் திரும்ப ஏற்றியவர்கள் நெரிசலை இன்னும் கூட்டினார்கள். அது இயந்திரத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய தொல்லை. 2024 மே மாதம் நடந்தது வேறு வகை. ஏஆர்ஆர்எல்லின் கணினிகளில் பிணைத்தொகை கேட்கும் கும்பல் புகுந்தது. எல்ஓடிடபிள்யூ மூடப்பட்டு ஜூலை 1 அன்றுதான் மறுபடி திறந்தது. பத்து லட்சம் டாலர் கொடுத்ததாகவும் அதில் பெரும்பகுதி காப்பீட்டிலிருந்து வந்ததாகவும் சங்கம் ஆகஸ்டில் தெரிவித்தது. தொடர்புகளின் தரவுக்குச் சேதம் இல்லை என்றார்கள். அந்த வாரங்களில் காகித அட்டைக்காரர்கள் முகத்தில் தெரிந்த புன்னகையைக் குற்றம் சொல்ல முடியாது. அலமாரியில் இருக்கும் அட்டையை யாரும் ஏஆர்ஆர்எல் தலைமையகம் இருக்கும் நியூவிங்டனில் வைத்துப் பூட்ட முடியாதே. ஆனால் அட்டைக்கு வேறு எதிரிகள்: கரையான், ஆகஸ்ட் மழை, வாடகை வீடு மாற்றம். தன் ஏடிஐஎஃப் கோப்பின் நகலை வைத்திருப்பவருக்கு இரண்டு பயமும் குறைவு.

பெங்களூருவில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது உறுத்துவது வேறொன்று. காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தமிழ்க் குரல்களுக்குக் குறைவில்லை. ஆன்டெனா உயரம், எஸ்பி சாலையில் கிடைக்கும் உதிரிபாகத்தின் விலை, பேரன் பள்ளிக்கூடம் வரை பேச்சு ஓடும். அந்தத் தொடர்புகளை ஏற்றுகிறவர் குறைவு. தினமும் பேசுகிற நண்பரிடம் சான்று கேட்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம், இந்தியாவுக்குள் பேசியதற்கு என்ன மதிப்பு என்ற எண்ணம் மறுபக்கம். 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் விதிகள் ஒவ்வொரு நிலையமும் பதிவேடு எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னவை. நோட்டில் எழுதுவது எப்படியும் நடக்க வேண்டிய வேலை, கணினியில் ஏற்றுவது அதன் தொடர்ச்சி. எதிர்முனையில் இருப்பவர் புதிதாக உரிமம் பெற்ற திருநெல்வேலி மாணவி என்றால், அவருடைய முதல் உறுதிப்படுத்தல் நம் கையில் இருக்கிறது.

பழைய நோட்டுகளுக்கும் காலம் கடந்துவிடவில்லை. பெங்களூருவின் இஸ்ரோ மையத்தில் உருவாகி 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய ஹாம்சாட், ஹாம்களின் பட்டியலில் விஓ-52, 2014 வரை வேலை செய்தது. அது தலைக்கு மேல் கடந்துபோகும் சில நிமிடங்களுக்குள் கையில் ஆன்டெனாவோடு நின்று பேசியவர்கள் இந்த நகரத்தில் உண்டு. அந்தத் தொடர்புகளை இன்று ஏற்றினாலும் எல்ஓடிடபிள்யூ வாங்கிக்கொள்ளும். செயற்கைக்கோள் வழி என்ற குறிப்பும் விஓ-52 என்ற பெயரும் இரண்டு பக்கமும் எழுதியிருக்க வேண்டும். இந்திய நேரத்தில் எழுதிய பக்கங்களிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அன்றைக்கு வியூ3 ஆக இருந்திருந்தால் அந்தக் குறிக்கான சான்றிதழை முதலில் வாங்க வேண்டும். எதிர்முனைக்காரர் தன் பங்கைப் பத்தாண்டுக்கு முன்பே ஏற்றிவிட்டிருந்தால், கோப்பு போய்ச் சேர்ந்து பரிசீலனை முடிந்ததும் பொருத்தம் பட்டியலில் தெரியும்.